ஜூலைக் குளிரில் வாங்கானுயி ஆற்றில் கானோ: எட்டுப் பேருக்குச் சமைக்க என்ன கொண்டு போகலாம்?

சிப்புட்_துடுப்பு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் எட்டுப் பேர், மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரே தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்தவர்கள். கோப்பேங்கில் கம்பார் ஆற்று ராஃப்டிங், செண்டரோ ஏரியில் கயாக் என்று இங்கேயே சுற்றிக்கொண்டிருந்தோம். இந்த ஜூலையில் நியூசிலாந்து போகிறோம். என் பெரியப்பா மகன் ஹாமில்டனில் வேலை செய்கிறார், அவர் வீட்டில் தங்கிவிட்டு வாங்கானுயி ஆற்றில் வாக்கஹோரோ என்ற இடத்தில் கானோவை (நீளமான துடுப்புப் படகு) இறக்கி, பிப்பிரிக்கியில் கரையேறுவது என்று திட்டம். 87 கிலோமீட்டர், மூன்று பகல், இரண்டு இரவு. அங்கே அப்போது நடுக் குளிர்காலம் என்று தெரியும். ஆனால் எட்டுப் பேருக்கும் சேர்ந்தாற்போல லீவு கிடைப்பது அப்போதுதான்.

துடுப்பு போடுவதைப் பற்றிக் கவலையில்லை. எனக்குக் கவலை சாப்பாடுதான். இங்கே ஆற்றங்கரையில் முகாம் போட்டால் நீளமான காஸ் டின் போடுகிற அடுப்பு ஒன்று, ஒரு குண்டான், சாடின் மீன் டின், அரிசி, முடிந்தது கதை. மழை பெய்தாலும் குளிராது. அங்கே இரவில் சுழியத்தை ஒட்டி இறங்கும் என்று அண்ணன் சொல்கிறார். எங்களுக்குத் தெரிந்த குளிர் கேமரன் மலைக் குளிர்தான்.

அதே நீள டின் அடுப்பை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாமா, இல்லை வேறு மாதிரி வேண்டுமா? எட்டுப் பேருக்கு எவ்வளவு காஸ் பிடிக்கும்? மசாலாத்தூள், நெத்திலிச் சம்பால் எல்லாம் இங்கிருந்தே கட்டிக்கொண்டு போகலாமா? எங்களில் இரண்டு பேர் சைவம். மாமா ஒருவர் வருகிறார், 58 வயது, திடகாத்திரமான ஆள், ஆனால் இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), ஊசி போட்டுக்கொள்கிறார், நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். வீட்டில் ஒரு தெர்மல் குக்கர் (சூட்டைப் பிடித்து வைக்கிற இரட்டைப் பாத்திரம்) சும்மா கிடக்கிறது, அதைத் தூக்கிக்கொண்டு போவது வீண் சுமையா என்றும் சொல்லுங்கள்.

---

ஹாமில்டன்_சிவா எழுதியது:

தம்பி, நானும் பேராக்காரன்தான், இங்கே வந்து வெகுகாலம் ஆகிறது. அந்த ஆறு எனக்குப் பழக்கம். அடுப்பைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், நான் ஆற்றையும் ஊரையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் சமையலைத் தீர்மானிக்கப்போவது அதுதான்.

முதலில் வெளிச்சம். ஜூலையில் இங்கே காலை ஏழரைக்கு மேல்தான் சூரியன், மாலை ஐந்தேகாலுக்குள் போய்விடும். ஆறு ஓடுவது ஆழமான பள்ளத்தாக்கில், இரண்டு பக்கமும் செங்குத்தான பாறையும் காடும், அதனால் நான்கரைக்கே கண் மங்கும். உங்கள் முதல் நாள்தான் மிக நீளம். வாக்கஹோரோவிலிருந்து ஆற்றோரத்தில் பயணிகள் தங்குகிற ஜான் கௌல் குடில் வரை 37 கிலோமீட்டருக்கு மேல். காலையில் நிதானமாகப் பசியாறிவிட்டு ஒன்பதரைக்குக் கிளம்பினால் இருட்டில்தான் கரை சேர்வீர்கள். ஆகவே காலைச் சாப்பாடு பதினைந்து நிமிடத்தில் முடிகிற சாப்பாடாக இருக்க வேண்டும், இரவுச் சாப்பாடு நெற்றிவிளக்கு வெளிச்சத்தில், விறைத்த விரலோடு செய்ய முடிகிற சாப்பாடாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் வெங்காயம் நறுக்கிக்கொண்டு நிற்கக் கூடாது.

இந்த ஆற்றுப் பாதையின் சீசன் அக்டோபர் 1-இலிருந்து ஏப்ரல் 30 வரை. அதற்கு வெளியே போகிறவர்கள் குடிலில் காஸ் அடுப்பு இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது, எல்லாவற்றையும் கையோடு கொண்டு போக வேண்டும். கானோ வாடகைக்குக் கொடுக்கிற நிறுவனங்களும் குளிர்காலத்தில் எல்லாமே திறந்திருக்காது, இப்போதே பேசிவிடுங்கள். மேலே மலையில் மழை கொட்டினால் ஆறு வேகமாக ஏறும், மரக்கட்டைகள் மிதந்து வரும். அப்படி ஏறினால் அவர்கள் கானோவை இறக்க விடமாட்டார்கள், நீங்களும் கெஞ்சக் கூடாது. பாதி வழியில் ஏறினால் குடிலிலேயே ஒரு நாள் கூடுதலாக உட்கார வேண்டியிருக்கும். சாப்பாடும் காஸும் மாமாவின் மருந்தும் மூன்று நாளுக்கு இல்லை, நான்கு நாளுக்கு.

அடுத்தது விமான நிலையம். இந்த நாட்டில் விவசாயப் பூச்சி, நோய் உள்ளே வராமல் பார்ப்பதில் மிகக் கடுமை. எந்த உணவாக இருந்தாலும், ஒரு சாக்லேட் பாக்கெட்டாக இருந்தாலும், அறிவிப்புப் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதிக் காட்டினால் பெரும்பாலும் பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் அந்தப் பொருள் மட்டும் போகும். எழுதாமல் மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய்கறி, இறைச்சி, தேன் இதெல்லாம் வேண்டவே வேண்டாம். நெய்யும் வேண்டாம், பால் பொருளுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, இங்கே நல்ல நெய் தாராளமாகக் கிடைக்கும். தோட்டத்து மில்லில் அரைத்த சரக்குத்தூளைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வருவதைவிட, கம்பெனி முத்திரையோடு அடைத்த பாபாஸ் மசாலா பாக்கெட் நல்லது, மேலே என்ன பொருள் என்று எழுதியிருப்பதால் அதிகாரி ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார். நெத்திலியும் கடை பாக்கெட்டாகவே இருக்கட்டும், முதலிலேயே காட்டிவிடுங்கள். உண்மையில் ஹாமில்டனிலும் ஆக்லாந்திலும் இந்தியக் கடைகள் நிறைய, பருப்பு, ரவை, சாம்பார்த்தூள் எல்லாம் வாங்கலாம்.

அதைவிட முக்கியம், உங்கள் கூடாரம், சப்பாத்து, சமையல் சாமான். தோட்டத்து மண் ஒட்டிய சப்பாத்தோடு இறங்கினால் அங்கேயே தடுத்துவிடுவார்கள். கூடாரத்தின் ஓரம், ஆணி, சப்பாத்தின் அடிப்பள்ளம் எல்லாம் தேய்த்துக் கழுவி நன்றாகக் காய வைத்துக் கொண்டு வந்து, முகாம் சாமான் இருக்கிறது என்று எழுதுங்கள். காஸ் டின் எந்தப் பையிலும் ஏற்ற முடியாது, விமானத்தில் மொத்தமாகத் தடை. இங்கே வந்து வாங்க வேண்டியதுதான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். 2017-இல் நாடாளுமன்றச் சட்டம் இந்த ஆற்றைச் சட்டப்படி ஓர் ஆளாகவே ஏற்றுக்கொண்டது. ஆற்றோரத்து மாவோரி ஆதிகுடி மக்களுக்கு அது மூதாதை. சாப்பாட்டு மிச்சம், சோற்றுக் கஞ்சி, சோப்பு நுரை ஒரு சொட்டுக்கூட ஆற்றில் போகக் கூடாது. இரண்டாவது இரவு தீயெக்கே காயிங்காவில் தங்குவீர்கள் என்று நினைக்கிறேன், அது ஒரு மராயே, அவர்களுடைய கூடும் இடம். அங்கே மது கிடையாது. சாப்பாட்டு மேசைமேல் உட்காரக் கூடாது, பாத்திரம் துடைக்கிற துணியை உடுப்போடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. எச்சில், பத்து பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை, எட்டுப் பேருக்கும் ஒருமுறை சொல்லி வையுங்கள் போதும்.

---

கோப்பேங்_படகு எழுதியது:

நான் ஆற்று வேலை செய்கிறவன், கானோ, ராஃப்ட் இரண்டும். சிவா அண்ணன் சொன்ன வெளிச்சக் கணக்கை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்த நீள டின் அடுப்பு வேண்டாம். அதில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். பியூட்டேன் ஆவியாவது சுழியத்துக்கு அரை டிகிரி கீழே. இங்கே 30 டிகிரியில் ஜம்மென்று எரியும். அங்கே விடியற்காலையில் டின்னுக்குள் அது திரவமாகவே உட்கார்ந்திருக்கும், திறந்தால் ஒன்றும் வராது. 5 டிகிரி இருந்தாலும் சிக்கல்தான், ஏனென்றால் காஸ் ஆவியாகும்போது டின்னிலிருக்கிற சூட்டையே உறிஞ்சிக்கொண்டு போகும், பத்து நிமிடம் எரிந்ததும் டின் சுற்றியிருக்கிற காற்றைவிடச் சில்லென்றாகிவிடும், தீ சுருங்கிவிடும். உங்களுக்கு வேண்டியது திருகு வாய் வைத்த குட்டைக் குண்டு டின், ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்தது. ஐசோபியூட்டேன் கழித்தல் 12 டிகிரி வரை ஆவியாகும், புரோப்பேன் கழித்தல் 42 வரை. நியூசிலாந்து முகாம் கடைகளில் 230 கிராம் டின் சாதாரணமாகக் கிடைக்கும். அதிலும் ஒன்று கவனியுங்கள், புரோப்பேன் முதலில் தீர்ந்துவிடும், கடைசியில் மிஞ்சுவது சோம்பேறி காஸ். ஆகவே காலையில் புது டின்னைப் போடுங்கள், அரை டின்னைக் கொஞ்சம் வெயில் இருக்கிற மத்தியானத்துக்கு வையுங்கள். இரவில் டின்னைப் படுக்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு தூங்கலாம். எரியும்போது டின்னை வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தலாம். நெருப்பில் காட்டக் கூடாது, சுடுதண்ணீரும் கூடாது.

அடுப்பு, டின் மேல் நேராகத் திருகுகிற குட்டி அடுப்பாக இருந்தால் எட்டுப் பேர் குண்டானைத் தாங்காது, சாய்ந்துவிடும். குழாய் வைத்து டின் தனியாக நிற்கிற, கால் அகன்ற அடுப்பாக வாங்குங்கள், இரண்டு. அதில் காற்றுத் தடுப்புத் தகட்டைச் சுற்றலாம், டின் வெளியே இருப்பதால் சூடேறாது. டின்மேல் உட்காருகிற அடுப்பில் தகட்டைச் சுற்றிப் போட்டால் டின் வெடிக்கும். இங்கே ஸ்டீம்போட் (மேசையிலேயே கொதிக்க வைத்துச் சாப்பிடுவது) சாப்பிடும்போது பெரிய தவலையை வைத்து டின் அறையையே மூடிவிடுகிறார்களே, அதே ஆபத்து. இன்னொரு வழியும் இருக்கிறது. கானோ கொடுக்கிறவரிடமே இரட்டை அடுப்பும் சின்ன எல்பிஜி சிலிண்டரும் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். முதுகில் சுமக்கவில்லையே, ஆறுதானே சுமக்கிறது, நான்கைந்து கிலோ கூடினால் ஒன்றும் ஆகாது.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. குளிர் ஆற்றில் அடுப்பு என்பது சமையல் சாமான் மட்டும் இல்லை, உயிர்காப்புச் சாமான். ஒரு கானோ கவிழ்ந்து இரண்டு பேர் நனைந்தால், அவர்களைக் கரையேற்றி, ஈர உடுப்பைக் கழற்றி, காய்ந்த கம்பளி போட்டு, இனிப்பான சூடான பானம் கையில் கொடுக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் கேள்வி. கம்பார் ஆற்றில் விழுந்தால் சிரித்துக்கொண்டே ஏறுவோம். அங்கே விழுந்தவுடன் மூச்சு அடைக்கும், சில நிமிடத்தில் விரல் சொன்னபடி கேட்காது, தீப்பெட்டி உரசக்கூட முடியாது. அதனால் எல்லா அடுப்பையும் ஒரே கானோவில் ஏற்றாதீர்கள். முதல் கானோவில் ஓர் அடுப்பு, ஒரு டின், லைட்டர், ஒரு சின்ன பானை, மைலோ, சர்க்கரை. கடைசிக் கானோவில் அதே மாதிரி இன்னொரு கட்டு. இந்தக் கட்டு பீப்பாயின் மேல்புறத்தில் இருக்க வேண்டும், சாப்பாட்டு மூட்டைக்கு அடியில் போய்விடக் கூடாது. காலையில் கிளம்பும்போதே ஒவ்வொரு கானோவிலும் ஒரு தெர்மாஸ் நிறைய சூடான தேத்தண்ணி இருந்தால் இன்னும் நல்லது, அதற்கு அடுப்பே வேண்டாம்.

சாமான் எல்லாம் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பீப்பாயில்தான் போகும், வாடகையோடு தருவார்கள். பீப்பாயின் வாய் உடம்பைவிடக் குறுகல். உங்கள் பெரிய குண்டான் அந்த வாய்க்குள் நுழையுமா என்று முதலில் பாருங்கள். நுழையாவிட்டால் வலைப்பையில் போட்டு, கயிற்றால் கானோவின் குறுக்குச் சட்டத்தில் கட்டுங்கள், கவிழ்ந்தாலும் போகாது. பீப்பாயைக் கட்டாமல் சும்மா வைப்பது கூடவே கூடாது.

---

பீடோர்க்காரன் எழுதியது:

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? ஒரு சின்ன கரி அடுப்பு, இரண்டு மூட்டை கரி வாங்கிக்கொண்டால் சமையலும் ஆச்சு, இரவில் கூடாரத்து வாசலில் வைத்தால் குளிரும் தெரியாது. எங்கள் தாத்தா காலத்தில் லயத்தில் எல்லாரும் கரி அடுப்புத்தான்.

---

கோப்பேங்_படகு எழுதியது:

அண்ணே, லயத்து வீட்டில் பலகைக்குப் பலகை இடைவெளி, கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓடும். கூடாரம் அப்படி இல்லை, அதுவும் குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் மூடி வைத்திருப்பார்கள். கரி புகையே இல்லாமல் தணலாக இருக்கும்போதுதான் கார்பன் மோனாக்சைடு நிறைய வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அப்படியே எழுந்திருக்க மாட்டார்கள். முகாம்களில் இப்படி உலகம் முழுக்க ஆட்கள் இறந்திருக்கிறார்கள். வாசலில் வைத்தாலும் அதேதான், காற்று திரும்பினால் உள்ளே வரும். காஸ் அடுப்புக்கும் இதே சட்டம். மழை பெய்தால் மேலே ஒரு தார்ப்பாயைக் கட்டி நான்கு பக்கமும் திறந்து விட்டுச் சமைக்க வேண்டும். இதை வாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தம்பிகள் எட்டுப் பேரும் திரும்பி வர வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆற்றோரத்து விறகை நம்புவதும் வேண்டாம். குளிர்காலத்தில் எல்லாம் ஊறிப்போயிருக்கும்.

---

அடுப்படி_அக்கா எழுதியது:

தம்பி, நான் கோயில் அன்னதானத்துக்கும் பள்ளிக்கூட முகாம்களுக்கும் சமைக்கிறவள், மலைப்பக்க முகாம்களும் அதில் உண்டு. என் மகள் கிறைஸ்ட்சர்ச்சில் படித்தபோது அங்கே போய்க் குளிர்காலம் முழுக்க இருந்து சமைத்தேன். அதனால் கொஞ்சம் தைரியமாகச் சொல்கிறேன்.

தெர்மல் குக்கரைக் கட்டாயம் எடுத்துக்கொண்டு போங்கள். அது சுமையே இல்லை, உங்கள் பயணத்துக்கே அதுதான் பெரிய சாமான். பருப்பை அடுப்பில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் காஸை எரிப்பதற்குப் பதிலாக, ஊறின பருப்பைப் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க விட்டு உள்பானையை வெளிப்பாத்திரத்துக்குள் இறக்கி மூடிவிட்டால், அது தானே வெந்துகொண்டிருக்கும். நீங்கள் கூடாரம் போடலாம், உடுப்பு மாற்றலாம். குளிர் ஊரில் இரண்டு விஷயம் கூடுதலாகச் செய்ய வேண்டும். வெளிப்பாத்திரத்தில் முதலில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் சில்லென்ற பாத்திரமே பாதிச் சூட்டைத் தின்றுவிடும். உள்பானை முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருக்கட்டும், அரைப்பானை சீக்கிரம் ஆறும். காலையில் கொதிக்க வைத்து மூடிக் கானோவில் கட்டிக்கொண்டு போனால் மத்தியானம் ஆற்றோரத்தில் அடுப்பே பற்றவைக்காமல் சூடாகச் சாப்பிடலாம். சாப்பிடும்போது ஆவி பறக்க வேண்டும், 60 டிகிரிக்குக் கீழே வெதுவெதுப்பாக வெகுநேரம் கிடந்த சாப்பாட்டைச் சாப்பிடாதீர்கள், மறுபடி கொதிக்க வையுங்கள்.

அரிசியையும் பருப்பையும் ஊறப்போட இடமும் நேரமும் தேட வேண்டாம். மத்தியானம் சாப்பிட்ட கையோடு வாய் அகன்ற பாட்டிலில் தண்ணீரோடு போட்டு இறுக்கி மூடிவிடுங்கள், கரை சேருவதற்குள் ஊறியிருக்கும். கொண்டைக்கடலை, காராமணி எல்லாம் டின்னில் வெந்ததாகவே வாங்குங்கள், சைவம் சாப்பிடும் இரண்டு பேருக்கும் அதுதான். மற்றவர்களுக்குச் சாடின் டின். ஒரே குழம்பை வைத்து, கடைசியில் இரண்டு பானையில் பிரித்து, ஒன்றில் கடலை, ஒன்றில் சாடின். சைவப் பானைக்குக் கரண்டி தனியாக இருக்கட்டும்.

முன்வேலை முழுவதும் ஹாமில்டன் வீட்டு அடுப்பில் முடிய வேண்டும். வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டு வதக்கி மசாலா போட்டுச் சுருளக் கிண்டி, தட்டையான பைகளில் கட்டிக் குளிர்பெட்டியில் உறைய வைத்துவிடுங்கள். அந்தக் குளிரில் பீப்பாய்க்குள் முதல் இரவு தாங்கும். இரண்டாவது இரவுக்குப் பொடியும் தேங்காய்ப்பால் பவுடரும் வைத்துக்கொள்ளுங்கள். ரவையைக் கடுகு, மிளகாய், முந்திரியோடு வறுத்துத் தாளித்து ஆறவைத்துப் பையில் கட்டினால் காலையில் கொதிக்கிற தண்ணீரில் கொட்டிக் கிளறியதும் உப்புமா, சிவா அண்ணன் சொன்ன பதினைந்து நிமிடத்துக்குள் பசியாறிவிடலாம். ரசப்பொடியும் புளிக்கரைசலும் மறக்காதீர்கள். குளிரில் நனைந்து வந்து உட்காரும் ஆளுக்கு மிளகு ரசம் போல ஒன்று கிடையாது, தெர்மாஸிலும் ஊற்றிக்கொள்ளலாம்.

எண்ணெய் விஷயத்தை யாரும் சொல்லவில்லை. நம் வீட்டில் இருப்பது செம்பனை எண்ணெய். அது 10 டிகிரியை ஒட்டிக் கலங்கத் தொடங்கி, இன்னும் குளிர்ந்தால் பாட்டிலுக்குள்ளேயே கட்டிவிடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே கட்டி. குறுகிய வாய்ப் பாட்டிலில் இருந்தால் காலையில் ஒரு சொட்டுக்கூட வெளியே வராது. சூரியகாந்தி எண்ணெய் வாங்குங்கள், இளகியே இருக்கும். நெய்யை அகன்ற வாய் டப்பாவில் வைத்துக் கரண்டியால் தோண்டிக்கொள்ளுங்கள், தாராளமாகப் போடுங்கள், குளிரில் துடுப்புப் போடும் உடம்பு கொழுப்பைக் கேட்கும்.

இப்போது காஸ் கணக்கு. நம் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி, அங்கே தொட்டித் தண்ணீர் 5 டிகிரி இருக்கும். அதைக் கொதிக்க வைக்க இங்கே ஆவதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் காஸ் பிடிக்கும். மூடி போட்டு, காற்றுத் தடுப்பும் வைத்தால் லிட்டருக்குச் சுமார் 15 கிராம். எட்டுப் பேருக்குச் சமையல், தேத்தண்ணி, தெர்மாஸ், பாத்திரம் கழுவ என்று நாளைக்குப் பதினாலு லிட்டர் என்று வையுங்கள், 210 கிராம். கொதித்த பிறகு அடுப்பில் வேகிற நேரத்தையும் சேர்த்தால் 300. இரண்டரை நாளுக்கு 750. காற்றுக்கும், ஆறு ஏறி ஒரு நாள் கூடுதலாக உட்கார்ந்தால் அதற்கும் சேர்த்து 230 கிராம் டின் ஆறு வாங்குங்கள். மூடி இல்லாமல் சமைத்தால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது.

எவர்சில்வர் தட்டு வேண்டாம், நான்கு வாய்க்குள் சோறு ஆறிவிடும். ஆழமான கிண்ணமாக, முடிந்தால் இரட்டைச் சுவர் உள்ளதாக, மூடியோடு ஆளுக்கு ஒன்று. பாத்திரம் கழுவும்போது மிச்சத்தை முதலில் ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டுவிடுங்கள், பிறகு கொஞ்சம் சுடுதண்ணீரில் கழுவி, வடிகட்டி, வடிகட்டியதைக் குப்பைப் பையில் போட்டு, தண்ணீரை ஆற்றிலிருந்து தள்ளிக் கொட்டுங்கள். கையுறை போட்டுக் கழுவுங்கள், ஈரக் கையோடு யாரும் சுற்றக் கூடாது.

மாமாவுக்கு: ஊசி மருந்து உறையக் கூடாது, ஒருமுறை உறைந்தால் பிறகு உருகினாலும் பயன்படாது. பீப்பாயில் வைக்காமல் உடம்போடு ஒட்டின உள்பையில் வைத்துக்கொள்ளட்டும், இரவில் படுக்கைப் பைக்குள். சர்க்கரை பார்க்கிற கருவியும் குளிரில் சரியாகக் காட்டாது, அதுவும் உள்பையிலேயே இருக்கட்டும். மருந்தில் பாதியை இன்னொருவர் கானோவில் தனியாக வையுங்கள். நாள் முழுக்கத் துடுப்புப் போட்டால் சர்க்கரை இறங்கும், மருந்து அளவை எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். சட்டைப்பையில் குளுக்கோஸ் மிட்டாய். கூட ஒரே கானோவில் போகிறவருக்கு, மாமா குழறிப் பேசினால் அது குளிரா சர்க்கரையா என்று யோசித்துக்கொண்டு நிற்காமல் இனிப்புக் கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

---

சிப்புட்_துடுப்பு எழுதியது:

அக்கா, அண்ணே, எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவே எட்டுப் பேரும் உட்கார்ந்து படித்தோம். மாமா அக்காவுடைய பதிவைத் தனியாக அச்சடித்து வாங்கிக்கொண்டு போனார், டாக்டரிடம் காட்டுவாராம்.

குழாய் வைத்த அடுப்பு இரண்டு வாங்குகிறோம், தெர்மல் குக்கர் வருகிறது. முதல் கானோவில் நானும் மாமாவும், கடைசியில் ராஃப்டிங் பழகின இரண்டு பேர். இன்னும் இரண்டு சந்தேகம். கிளம்பும் முன் கேமரன் மலையில் ஒரு வார இறுதி ஒத்திகை பார்க்கலாமா, 15 டிகிரிக் குளிரில் ஒத்திகை பார்த்து ஏதாவது தெரியுமா? சாப்பாட்டைத் தேடி அங்கே காட்டு மிருகம் ஏதாவது வருமா?

---

அடுப்படி_அக்கா எழுதியது:

கட்டாயம் போங்கள். குளிர் அவ்வளவு இருக்காது, ஆனால் குளிருக்காக மட்டும் ஒத்திகை இல்லை. ஐஸ் போட்ட தண்ணீரில் தொடங்கி ஒரு லிட்டர் கொதிக்க எத்தனை நிமிடம் ஆகிறது, டின்னை முன்னும் பின்னும் தராசில் வைத்தால் எத்தனை கிராம் குறைகிறது என்று பாருங்கள், உங்கள் அடுப்புக்கே உரிய கணக்குக் கிடைக்கும், என் 15 கிராமை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். இரவுச் சாப்பாட்டை வெளிச்சம் போன பிறகு, கையுறையோடு, நெற்றிவிளக்கில் செய்யுங்கள். கோப்பேங் தம்பி சொன்ன அவசரக் கட்டை யாரிடமாவது கொடுத்து, தூங்கிக்கொண்டிருக்கும்போது எழுப்பி, கையில் சூடான மைலோ வருகிற வரை நேரம் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் கட்டு சரியில்லை, பிரித்து வேறு மாதிரி கட்டுங்கள்.

---

ஹாமில்டன்_சிவா எழுதியது:

நம் ஊர் மாதிரிக் குரங்கு இங்கே இல்லை. இரவில் பாஸம் (பூனை அளவில் மரம் ஏறுகிற மிருகம்) வரும், எலி வரும், இரண்டுக்கும் பையைக் கிழிக்கத் தெரியும். சாப்பாடு, குப்பை, பற்பசை எல்லாமே பீப்பாய்க்குள், மூடி இறுக்கி. குப்பையைத் திரும்பக் கொண்டு வர வேண்டும், வழியில் தொட்டி எதுவும் இல்லை, அதற்கென்று ஒரு பீப்பாயை ஒதுக்குங்கள். குடிலுக்குப் பக்கத்தில் மழைத்தண்ணீர்த் தொட்டி இருக்கும், அதையும் கொதிக்க வைத்தே குடியுங்கள். மழைக்குப் பிறகு ஆற்றுத் தண்ணீர் சேறாக இருக்கும், சமைக்க ஆகாது.

வழி நெடுக கைத்தொலைபேசி எடுக்காது. அவசரக் குறி அனுப்புகிற கருவி வாடகைக்குக் கிடைக்கும், ஒன்று எடுத்து மாமாவின் மிதவைச் சட்டையில் இல்லாமல் உங்கள் சட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள். எந்த நாள் எங்கே தங்குகிறீர்கள், எத்தனை மணிக்குள் பிப்பிரிக்கி வராவிட்டால் உதவி கூப்பிட வேண்டும் என்று எழுதி உங்கள் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், ஒரு நாள் தாமதமாகலாம் என்பதையும் அதில் எழுதுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் குடிலில் ரசம் குடித்துக்கொண்டிருக்கும்போது ஹெலிகாப்டர் தேடிக்கொண்டிருக்கும். கிளம்பும் அன்று காலை வானிலை பார்த்து, கானோ நிறுவனத்தாரிடம் ஆற்று மட்டத்தைக் கேட்டுவிட்டு அப்புறம்தான் ஹாமில்டனிலிருந்து வண்டியை எடுக்க வேண்டும்.

---

கோப்பேங்_படகு எழுதியது:

துடுப்புத் தம்பி, கேமரன் போகிற வழியில் ஒரு நாள் கோப்பேங் பக்கம் வாருங்கள், பீப்பாயை எப்படிக் கட்டுவது என்று கையோடு காட்டித் தருகிறேன், இங்கே எழுதிப் புரிய வைப்பது கஷ்டம். அதற்கு முன் அங்கத்திய கானோ நிறுவனத்துக்கு எழுதி, பீப்பாய் வாயின் அகலம் எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டுப் போடுங்கள், உங்கள் தெர்மல் குக்கர் உள்ளே போகுமா வெளியே கட்ட வேண்டுமா என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.